தன் ஊருக்கு வராத கார்

(பார்க் எக்ஸ்டென்ஷனில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஸ்போர்ட்ஸ் கார் பற்றிப் பேசப் போகிறேன் என்று அறிவித்ததும், "இதென்ன, சின்னப் பெடியளின் சங்கதி" என்று சில ஐயாமார் சொன்னது என் காதுக்கும் வந்தது. நியாயம்தான். பார்க் எக்ஸ்டென்ஷனில் கார் என்றால் நமக்கு முதலில் வருவது அதை எங்கே நிறுத்துவது என்ற கவலை. பனி அள்ள வருகிறார்கள் என்று சைரன் ஊதினால், கோட்டை மாட்டிக்கொண்டு சாவியோடு கீழே இறங்கி ஓடுகிற சனம் நாங்கள். ஆனாலும் இந்த நகரத்தின் பெயரையே சுமக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று உலகத்தில் இருக்கிறது. செய்தது இத்தாலியில்; முதன்முதலாக உலகத்துக்குக் காட்டியது இங்கே. அதன் பெயர் ஆல்ஃபா ரோமியோ மொன்றியால். அதன் உடம்பில் இருக்கும் சின்னச் சின்ன விஷயங்கள் ஏன் அங்கே இருக்கின்றன என்பதுதான் இன்றைய பேச்சு.

அதற்கு முன்னால் ஐயாமாருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வண்டி: மொரிஸ் மைனர். யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடியது. போர்க்காலத்தில் பெட்ரோல் தடைப்பட்டபோது மண்ணெண்ணெயிலும் ஓடியது. அதன் பொனட்டை நினைத்துப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு பட்டி மேடாக ஓடும். அழகுக்கு வைத்தது என்றுதான் நினைத்திருப்போம். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், 1906இல் ஸ்மிர்னாவில் பிறந்த கிரேக்க வம்சத்தவர். (இந்தப் பேட்டை நமக்கு முன்னால் கிரேக்கர்களுடையது என்பதால் இதைச் சொல்ல எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.) உற்பத்தி தொடங்கப்போகிற நேரத்தில் மாதிரி வண்டி அவர் கண்ணுக்கு ஒடுக்கமாகப் பட்டது. நெடுக்காக இரண்டாய் வெட்டச் சொன்னார். இரண்டு பாதியையும் விலக்கி விலக்கி வைத்துப் பார்த்து, கடைசியில் நான்கு அங்குலம் கூட்டினார். பம்பர்கள் முன்னமே செய்தாகிவிட்டதால் அவற்றையும் வெட்டி, நடுவில் துண்டு வைத்து இணைத்தார்கள். பொனட்டில் நீங்கள் பார்த்த பட்டி அந்த நான்கு அங்குலம். 1948இல் வெளிவந்த கார் 1971 வரை அந்தத் தழும்போடுதான் விற்பனையானது.

ஆகவே காரில் ஒரு கோட்டையோ ஓட்டையையோ கண்டால் கேட்க வேண்டிய கேள்வி இது: இது வேலை செய்கிறதா, வேலை செய்வதுபோல நடிக்கிறதா? இரண்டும் இல்லையென்றால் எதையோ ஞாபகம் வைத்திருக்கிறது. மொன்றியால் காரில் இந்த மூன்றும் உண்டு.

1967. கனடாவுக்கு நூறு வயது. ஏப்ரல் 27 தொடங்கி அக்டோபர் 29 வரை எக்ஸ்போ 67 நடந்தது. பதிவான வருகைகள் 5 கோடிக்கு மேல். ஆற்றின் நடுவே இருந்த சென்ட் ஹெலன் தீவைப் பெருப்பித்தார்கள். பக்கத்தில் நொத்ர் டாம் என்று புதிதாக ஒரு தீவையே கட்டினார்கள். மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டிய கல்லும் மண்ணும் அங்கே போய்ச் சேர்ந்தன. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் தனித்தனி மண்டபங்கள் இருந்தன. நம் ஆட்கள் இந்தப் பேட்டைக்குப் பெருவாரியாக வந்து சேர இன்னும் பதினைந்து, இருபது வருடம் இருந்தது.

கண்காட்சியின் தலைப்பு மனிதனும் அவன் உலகமும். அதில் "உற்பத்தி செய்யும் மனிதன்" என்ற கருத்தை விளக்கும் மண்டபம் ஒன்று. கார் விஷயத்தில் மனிதனுடைய உச்சமான ஆசை எது என்று காட்ட ஒரு வண்டி வேண்டும் என்று மிலான் நகரத்து ஆல்ஃபா ரோமியோவிடம் கேட்டார்கள். உடலை வரையும் பொறுப்பு டூரின் நகரத்துப் பெர்த்தோனே பட்டறைக்குப் போனது. வரைந்தவர் மார்செல்லோ கண்டீனி. வயது 28. முந்திய வருடம்தான் அவர் வரைந்த லம்போர்கினி மியுரா வெளிவந்து கார் உலகத்தையே பேச வைத்திருந்தது. 2024 மார்ச்சில் அவர் இறந்தபோது வந்த அஞ்சலிகளில் மியுராவும் அவரே வரைந்த கவுன்டாக் காரும்தான் முன்வரிசையில் நின்றன. நம்முடைய கார் பின்வரிசையில்.

வெள்ளை நிறத்தில் இரண்டு வண்டிகள் வந்தன. பெயர் இல்லை. பெயர்ப்பலகையும் இல்லை. பார்க்க வந்த சனம் அதை "மொன்றியால்" என்று சொல்லத் தொடங்கியது. கம்பெனி அந்தப் பெயரையே வைத்துக்கொண்டது. கார்களுக்குப் பெயர் வைக்க இன்று கூட்டம் கூட்டுகிறார்கள், சட்டத்தரணிகளைக் கூப்பிடுகிறார்கள். இந்தக் காருக்குப் பெயர் வைத்தது வரிசையில் நின்று பார்த்த மக்கள். எனக்குத் தெரிந்து அந்த வண்டியில் இருக்கும் அடையாளங்களில் மிகவும் நேர்மையானது அந்தப் பெயர்தான்.

இனி முகத்தைப் பார்ப்போம். முன்னால் நான்கு ஹெட்லைட். அவற்றின் மேல்பாதியைச் சட்டம் சட்டமாகக் கீறிய மூடிகள் மறைக்கின்றன. அரைத்தூக்கத்தில் இருப்பவரின் இமைபோலத் தெரியும். லைட்டைப் போட்டால் காற்றழுத்த வித்தையால் மூடிகள் விலகிக் கண் முழுதாகத் திறக்கும். இதனால் வண்டி வேகமாகப் போகுமா? போகாது. வெளிச்சம் கூடுமா? மூடி இல்லாமலே இருந்திருந்தாலும் அதே வெளிச்சம்தான். உள்ளே பொறி இருக்கிறது, அசைகிறது, ஆனால் அது நாடகத்துக்காக அசைகிறது. இதைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். பகலில் ஒரு முகம், இரவில் ஒரு முகம் என்று ஒரு வண்டிக்குக் கொடுப்பது சாதாரணக் கற்பனை இல்லை.

அடுத்தது பொனட். அதன் மேல் முக்கோண வாட்டத்தில் ஒரு குழிவு. முனை ஒடுங்கி, போகப் போக விரிந்து, உள்ளே இறங்குவதுபோல இருக்கும். கார் பித்துள்ள தம்பிமாருக்கு இது தெரிந்திருக்கும்: நாக்கா வாய். நாசாவுக்கு முன்பிருந்த அமெரிக்க விமானவியல் ஆலோசனைக் குழு 1940களில் ஆராய்ந்து கண்டுபிடித்த வடிவம். வெளியே துருத்திக்கொண்டு நின்று காற்றைத் தடுக்காமல், தகட்டோடு தகடாக இருந்தே காற்றை உள்ளே இழுக்கும். விமானத்துக்கு வந்தது, பந்தயக் காருக்கும் வந்தது. மொன்றியாலின் பொனட்டில் அதைப் பார்த்தவர்கள், எஞ்சின் எவ்வளவு காற்றுக் குடிக்கிறது என்று வியந்தார்கள். கையை விட்டுப் பார்த்தால் அடைத்திருக்கும். காற்று உள்ளே போக வழியே இல்லை.

ஏன் அப்படி? 1967இல் கண்காட்சிக்கு வந்த வண்டிக்குள் இருந்தது ஆல்ஃபாவின் ஜூலியா காரின் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சின். 1970 ஜெனீவா கார் கண்காட்சியில் விற்பனை வண்டியைக் காட்டியபோது உள்ளே இருந்தது 2,593 கன சென்டிமீட்டர் வி8. 200 குதிரைவலு, மணிக்கு ஏறத்தாழ 220 கிலோமீட்டர். இவ்வளவு பெரிய எஞ்சினை வைக்கப் பொனட் புடைத்துக்கொண்டு வந்தது. வடிவான வண்டிக்கு வயிறு வைத்தால் நன்றாகவா இருக்கும்? சபைக்கு வரும்போது தொப்பைக்கு மேல் சால்வையை இழுத்து விட்டுக்கொள்வோமே, அந்த வேலையைத்தான் அந்தப் பொய்வாய் செய்கிறது. கண் குழிவில் போய் விழும், மேடு தெரியாது.

பொய் என்று ஒரேயடியாகச் சொல்லிவிடவும் முடியவில்லை. காற்றுக்கு அது பொய். கண்ணுக்கு அது உண்மையான வேலையைச் செய்கிறது.

கதவுக்குப் பின்னால், பக்கச் சுவரில், ஒன்றின் கீழ் ஒன்றாகக் காற்றுத் துளைகள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. அந்த இடத்தில் துளை கண்டால் பார்க்கிறவர் நினைப்பது ஒன்றுதான்: எஞ்சின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அதற்கு மூச்சு வேண்டும். மியுராவில் அப்படித்தான் எஞ்சின் இருந்தது. அந்தக் காலத்தில் பந்தய வண்டிக்கு அதுதான் இலட்சணம். மொன்றியாலில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. அடியில் இருப்பது ஜூலியா ஸ்பிரின்ட் ஜி.டி. என்ற, குடும்பக்காரர் வாங்கக்கூடிய வண்டியின் அடித்தளம். துளைகளின் வேலை பயணிகள் இருக்கும் அறையின் காற்றோட்டத்தோடு முடிகிறது. மற்றதெல்லாம் தோற்றம்.

ஆனால் கொஞ்சம் பொறுங்கள். பிறகு முன்னால் வைத்த அந்த வி8 எங்கிருந்து வந்தது? ஆல்ஃபாவின் டிப்போ 33 என்ற பந்தய வண்டியின் எஞ்சினைப் பெரிதாக்கி, சாதாரண வீதிக்கு ஏற்றபடி பதப்படுத்தியது. அந்தப் பந்தய வண்டியில் எஞ்சின் இருந்த இடம் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால். வரைந்தவர் 1967இல் ஆசைக்கு ஒரு பொய் சொன்னார்; மூன்று வருடம் கழித்து எஞ்சின்காரர்கள் அதில் பாதியை மெய்யாக்கிவிட்டார்கள். வம்சம் பின்னால், இருப்பு முன்னால். திட்டம் போட்டுச் செய்தது இல்லை இது. ஆனாலும் ஒரு வடிவத்துக்குப் பின்னாளில் கிடைக்கும் அர்த்தமும் அதனுடைய அர்த்தம்தான் என்பது என் கட்சி.

வடிவத்தை வாசிக்கும் பழக்கம் வந்தால் அது காரோடு நிற்காது. இந்தப் பேட்டையின் மேற்கு எல்லைக்குப் போய்ப் பாருங்கள். லக்காடி வீதியோரம், மவுன்ட் றோயல் நகரத்துக்கும் நமக்கும் நடுவே கம்பிவேலியும் பற்றையும். 1960இல் போட்டது. பிள்ளைகளின் பாதுகாப்புக்கு என்றார்கள். இந்தப் பக்கம் இருந்தவர்கள் அதற்குள் வேறு வசனத்தை வாசித்தார்கள். நான் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை; சிறு கதவுகள் உள்ள வேலி அது, போய்ப் பாருங்கள் என்கிறேன். சரி, காருக்கு வருவோம்.

மூக்கின் நடுவில் சின்னக் கேடய வடிவம். அதற்கு மேல் வட்டச் சின்னம். இடப்பக்கம் வெள்ளையில் சிவப்புச் சிலுவை: மிலான் நகரத்தின் அடையாளம். வலப்பக்கம் முடி சூடிய பாம்பு. அதன் வாயில் ஒரு மனிதன். அது மிலானை ஆண்ட விஸ்கோந்தி குலத்தின் இலச்சினை. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், யாழ்ப்பாண அரசர்களுக்கு நந்தி என்று வளர்ந்த நமக்கு இதில் புதுமை இல்லை. சேது என்று எழுத்துப் பொறித்த நம் நாணயங்களிலும் அந்த நந்தி படுத்திருக்கிறது. ஆனால் விற்கிற பொருளின் நெற்றியில், 1910இல், ஒரு பழைய குலத்தின் பாம்பை ஒட்டியது எப்படி? ரொமானோ கத்தானியோ என்ற இளம் வரைவாளர் மிலானில் டிராமுக்குக் காத்து நின்றார் என்றும், ஸ்போர்ஸா கோட்டையின் வாயிற் கோபுரத்தில் அந்தப் பாம்பைக் கண்டார் என்றும் சொல்வார்கள். கம்பெனியே சொல்லி வரும் கதை.

பாம்பின் வாயில் இருப்பவன் யார்? சிலுவைப் போரில் விஸ்கோந்தி வீரன் ஒருவன் தோற்கடித்த எதிரியின் கேடயத்தில் இருந்த சின்னம் அது, வென்றவன் எடுத்துக்கொண்டான் என்பது பழைய கதை. பாம்பு அவனை விழுங்குகிறது என்பது பலரின் வாசிப்பு. இல்லை, அவன் புதுப்பிறவி எடுத்து வெளியே வருகிறான் என்கிறது கம்பெனி. விற்பனைக்குப் புதுப்பிறவி நல்லது. எனக்கு விழுங்குவதுதான் சரியாகப் படுகிறது.

அந்த வட்டம் அரசியலையும் பதிவு செய்திருக்கிறது. ஆரம்பத்தில் ஆல்ஃபா, மிலானோ என்ற இரண்டு சொற்களுக்கும் நடுவே முடிச்சுகள் இருந்தன. இத்தாலிய அரச குடும்பமான சவோய் வம்சத்தின் முடிச்சுகள். 1925இல் முதலாவது உலகப் பந்தயப் பட்டத்தை வென்றதும் சுற்றிவர வாகைமாலை ஏறியது. 1946இல் மக்கள் வாக்களித்து மன்னராட்சியை நீக்கினார்கள். அரச முடிச்சுகளும் சின்னத்தை விட்டுப் போயின. 1972இல் நேப்பிள்சுக்குப் பக்கத்தில், பொமிலியானோ தார்க்கோவில், புதுத் தொழிற்சாலை வந்தது. தெற்கத்தியான் செய்யும் வண்டிக்கு வடக்கு நகரத்தின் பெயர் எதற்கு? மிலானோ என்ற சொல் அழிந்தது. வடக்கன், தெற்கன் என்ற பேச்சு இத்தாலியில் எவ்வளவு சூடானது என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதே கம்பெனியின் பந்தய வண்டிகளில் பச்சை நிறத்தில் நாலிலைச் சின்னம் ஒன்று உண்டு. வெள்ளை முக்கோணத்துக்குள் இருக்கும். ஊகோ சிவோச்சி என்ற ஓட்டுநர், 1923இல் சிசிலித் தீவின் தார்கா ஃப்ளோரியோ பந்தயத்துக்கு முன், அதிர்ஷ்டத்துக்காக நாலிலையைத் தன் வண்டியில் வெள்ளைச் சதுரத்துக்குள் வரைந்தார். வென்றார். அதே வருடம் செப்டம்பரில் மோன்சாவில் புது வண்டியைப் பரீட்சித்தபோது நாலிலை வரைந்திருக்கவில்லை. வண்டியின் எண் 17, இத்தாலியருக்கு ஆகாத எண். அந்த ஓட்டத்தில் இறந்துபோனார். அதன் பிறகு சதுரம் முக்கோணமானது. ஒரு மூலை குறைந்தது அவர் இல்லாததற்கு. புதுக் காருக்குச் சில்லின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுத்தான் நாமும் கோயில் வாசலில் இருந்து வண்டியை எடுக்கிறோம். ஆனால் நம் எலுமிச்சம்பழம் வரப்போகிற கண்ணூறுக்கு. அந்த முக்கோணம் நடந்து முடிந்ததற்கு.

ஃபெராரியின் குதிரையையும் விட முடியாது. இந்த மாகாணத்தில் அதைச் சொல்லாமல் இறங்கினால் வீட்டுக்குப் போக விடமாட்டீர்கள். முதல் உலகப் போரில் இறந்த விமானி பிரான்செஸ்கோ பராக்காவின் விமானத்தில் இருந்த குதிரை அது. பின்னணி மஞ்சள், மொடேனா நகரத்தின் நிறம். என்சோ ஃபெராரி அப்போது ஆல்ஃபா வண்டிகளைத்தான் பந்தயத்தில் ஓட்டுவித்தார். ஆகவே 1932இல் பெல்ஜியத்தின் ஸ்பா பந்தயத்தில் அந்தக் குதிரை முதலில் ஏறியது ஆல்ஃபாவின் மேல். அதே குதிரை பிற்பாடு கியூபெக்கின் பிள்ளையைச் சுமந்தது. 1978 அக்டோபர் 8, எக்ஸ்போவுக்காகக் கட்டிய அதே நொத்ர் டாம் தீவில் நடந்த முதல் கிராண்ட் பிரியில் ஜில் வில்னெவ் ஃபெராரியில் வென்றார். 1982 மே 8இல் பெல்ஜியத்தின் சோல்டரில் இறந்தார். தீவின் பந்தயப் பாதைக்கு அவர் பெயரை வைத்தார்கள். தொடக்கக் கோட்டில் "சலூ ஜில்" என்று எழுதியிருக்கும், வணக்கம் ஜில்.

இங்கே வீதியில் அடிக்கடி காண்பது கோர்வெட். அதன் சின்னத்தில் இரண்டு கொடிகள் குறுக்காக நிற்கும். ஒன்றில் பந்தயக் கட்டங்கள். மற்றதில் செவ்ரலேயின் அடையாளமும் ஒரு லில்லிப் பூவும். 1953இல் முதலில் வரைந்தபோது அங்கே அமெரிக்கக் கொடி இருந்தது. விற்பனைப் பொருளில் தேசியக் கொடி சட்டத்துக்கு ஒத்துவராது என்று கடைசி நேரத்தில் மாற்றினார்கள். லில்லி வந்தது கம்பெனிக்குப் பெயர் கொடுத்த லூயி செவ்ரலேயின் பிரெஞ்சு வேரைச் சொல்ல. சுவிட்சர்லாந்தில் பிறந்து பிரான்சில் வளர்ந்த அந்த மனிதர் 1900இல் கடல் கடந்து முதலில் வந்து இறங்கி வேலை பார்த்த ஊர் எது தெரியுமா? மொன்றியால். பிறகுதான் நியூயார்க். இந்த மாகாணத்தின் கொடியிலும் அந்த லில்லிதான் இருக்கிறது. வந்து இறங்கி, கையில் கிடைத்த வேலையைச் செய்து, வேறு ஊருக்குப் போய்ப் பெயர் எடுத்தவர்கள் இந்த நகரத்துக்குப் புதிது இல்லை. ரொறன்ரோவுக்குப் போன நம் உறவுகளைக் கேளுங்கள்.

கியூபெக்கே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் செய்தது. மானிக் ஜி.டி., 1969 முதல் 1971 வரை. ரெனோ 8இன் உறுப்புகள், கண்ணாடி இழை உடல், வடக்கே மானிக்குவாகன் ஆற்று அணைகளின் பெயர். 160 வண்டிகளோடு முடிந்தது.

இப்போது வரும் கார்களிலும் ஒளித்து வைக்கிறார்கள். ஜீப்பின் கண்ணாடி ஓரத்தில் குட்டி ஜீப்பின் நிழல் வடிவம். பிள்ளைகள் தேடிக் கண்டுபிடித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் கண்டுபிடிக்கவேண்டும் என்றே வைத்ததை மறைபொருள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மைனரின் நான்கு அங்குலத்தையும் சிவோச்சியின் முக்கோணத்தையும் யாரும் சிரிப்பதற்காக வைக்கவில்லை. ஒன்று அவசரம் விட்ட தடம். மற்றது துக்கம் விட்ட தடம்.

மொன்றியால் காருக்கு என்ன ஆனது? அடித்தளம் மிலானுக்குப் பக்கத்து அரேசேயில் செய்து, டூரின் பக்கம் போய் உடல் பூட்டி, நிறம் அடித்து, எஞ்சினும் உள்வேலையும் முடிக்க மறுபடி அரேசேக்குத் திரும்பியது. அலைச்சலுக்கும் சேர்த்து விலை. பிரித்தானியாவில் அறிமுகமானபோது 5,077 பவுண். ஜாகுவார் ஈ டைப்பைவிடக் கூட. 1973இல் எண்ணெய் நெருக்கடி. 1977இல் நிறுத்தியபோது மொத்தம் செய்திருந்தது ஏறத்தாழ 3,900. வட அமெரிக்காவின் புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ற வண்டியை ஆல்ஃபா செய்யவே இல்லை. அதனால் மொன்றியால் என்ற கார் மொன்றியாலில் ஒருநாளும் விற்பனைக்கு வரவில்லை. கண்காட்சிக்கு வந்த இரண்டு வெள்ளை வண்டிகளில் ஒன்று இன்று அரேசே அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

பழைய வண்டிப் பிரியர்கள் பின்னாளில் தாங்களாக இறக்குமதி செய்தவை சில இந்தக் கண்டத்தில் ஓடுகின்றன. கிராண்ட் பிரி வாரத்தில் எங்காவது ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் மூன்று இடத்தைப் பாருங்கள். கதவுக்குப் பின்னாலுள்ள துளைகள். பொனட்டின் குழிவு, உரிமையாளரிடம் கேட்காமல் கை வைக்க வேண்டாம். பிறகு மூக்கிலுள்ள வட்டச் சின்னம். அதில் மிலானோ என்ற சொல் இருந்தால், சின்னம் வண்டியோடு வந்ததாக இருக்கும் பட்சத்தில், அது 1972 மாற்றத்துக்கு முந்திய வண்டி. இனி உங்கள் கேள்விகளைக் கேளுங்கள்.